ஓசை இல்லாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று முன்பக்கத்தில் எரியும் சின்ன விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு அமைதி. அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒன்றே முக்கால் வருஷம் பிடித்தது. என் மனைவியின் பாட்டுகளைப் பதிவு செய்வதற்காகத்தான் அதை வாங்கினேன். இன்றைக்கு அதில் அவளுடைய பாட்டு ஒன்றுகூட முழுசாக இல்லை. இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் பாவப்படுவார்கள். எனக்கு இரண்டுமே ஆகாது.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கல்லாவிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அதே மேசை, அதே வேலை. பீஸ் வரும், அளப்பேன், சரியா தப்பா என்று எழுதுவேன். தப்பு என்றால் அதே நிமிஷம் அதன்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பூட்டுப் போட்ட தொட்டியில் தள்ளிவிட வேண்டும். சனிக்கிழமை வந்து அதை வெட்டி நாசம் செய்துவிடுவார்கள். தப்பான பீஸ் ஒன்று நல்லதோடு கலந்து வண்டிக்குள் போய்விட்டால் யாராவது ஒருவர் நடுரோட்டில் விழுவார். அதனால் சிவப்பு அடிக்கக் கை கூசக் கூடாது என்பது எங்கள் பிரிவில் முதல் பாடம். எனக்குக் கூசியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் மனைவி ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடும் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவள். தளி ரோட்டில் ஒரு பசுமைக்குடிலில் ரோஜாப்பூ தரம் பிரிக்கிற வேலை. காம்பின் நீளம் பார்த்து, மொட்டின் திறப்புப் பார்த்து, பூவைப் பிரித்துக் கட்டுவார்கள். ஆக நாங்கள் இரண்டு பேருமே தரம் பிரித்துப் பிழைக்கிறவர்கள்தான். ஆனால் அவள் பிரிக்கும்போது பாடுவாள்.

அவள் பாடியதெல்லாம் அவளே கட்டியது. பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. கை காட்டியும் நிற்காமல் போன கம்பெனி பஸ், சூப்பர்வைசரின் ஓட்டைக் குடை, விலை விழுந்து ரோட்டோரம் கொட்டிய தக்காளி, இப்படி அன்றன்றைக்கு நடந்தது. முதல் வரி தெலுங்கில் வரும், அடுத்தது கன்னடத்தில், மூன்றாவது தமிழில். ஏன் இப்படி என்று ஒருதரம் கேட்டேன். ஷெட்டில் மூன்று பாஷைக்காரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தியும் விடுபட்டுப்போகக் கூடாது என்றாள். மேலே ஏறும் இடத்தில் அவள் குரல் அப்படி வழுக்கிக்கொண்டு போகும். சங்கீதம் எனக்குத் தெரியாது. கேட்கும்போது கையிலிருந்த வேலை நின்றுவிடும் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் மகள் நர்ஸிங் படிக்கச் சேலம் போனாள். ஹாஸ்டலில் முதல் வாரம் தூக்கம் வரவில்லை என்று போனில் அழுதாள். அவள் முதல்முதல் பள்ளிக்கூட வேன் ஏறிய அன்று ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுததை வைத்து அம்மா ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். அதைப் பதிவு செய்து அனுப்பும்படி மகள் கேட்டாள். அது மட்டுமில்லை, எல்லாப் பாட்டும் வேண்டும் என்றாள். என் மனைவி உடனே மும்முரமாகிவிட்டாள். சமையல் செய்யும்போது, ஷெட்டில் சாப்பாட்டு நேரத்தில், மாடியில் துணி காயப்போடும்போது என்று தன் கைப்பேசியிலேயே பாடி, முன்பே விளையாட்டாக எடுத்திருந்த ஒன்றிரண்டோடு இருபத்து மூன்று பாட்டுச் சேர்த்துவிட்டாள். அனுப்பப் போன நேரத்தில் நான் குறுக்கே விழுந்தேன். ‘இரு, நான் ஒருதரம் கேட்டுப் பார்க்கிறேன்’ என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தாளில் கோடு போட்டு, பாட்டு, சத்தம், முடிவு என்று மூன்று கட்டம் பிரித்தேன். முதல் பாட்டில் குக்கர் விசில். இரண்டாவதில் பைபாஸ் லாரியின் ஹாரன். மூன்றாவதில் மிக்ஸி. ஷெட்டில் எடுத்த எல்லாவற்றிலும் குளிர் அறையின் மோட்டார். ஒன்றில் மேல்வீட்டுக்காரர்களின் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. ஃபேன் சத்தம் இல்லாத பாட்டே கிடையாது. இருபத்து மூன்றுக்கும் நேராக ரிஜெக்ட் என்று எழுதினேன். அவள் கறி கழுவிக்கொண்டிருந்தாள். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். இதையெல்லாம் அனுப்பாதே, ஒழுங்கான கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்கி, ஸ்டூடியோ மாதிரி எடுத்து அனுப்பலாம் என்றேன்.

அவள் தாளைப் படித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க ஷெட்ல காம்பு வளைஞ்ச பூவைக்கூட கீழ போட மாட்டோம்ங்க. வெளிநாட்டுக்குப் போகாது, அவ்ளோதான். அதைத் தனியாக் கட்டி லோக்கல் மார்க்கெட்டுக்கு அனுப்பிடுவோம். அதையும் யாரோ ஒருத்தி தலையில வெச்சுக்கிறா.”

பூ வேறு, இது வேறு என்றேன். அத்தோடு விட்டேனா, இல்லை. நல்ல பதிவு வந்த பிறகு இந்தக் குப்பை அதோடு கலந்துவிடக் கூடாது என்று தோன்றியது. அவள் கைப்பேசியில் இருந்த இருபத்து மூன்றையும் வரிசையாகத் தேர்வு செய்து அழித்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட என் மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தவள், “எல்லாம் போச்சா?” என்று மட்டும் கேட்டாள். இதைவிட நூறு மடங்கு நன்றாக எடுத்துத் தருகிறேன் பார் என்றேன்.

அப்புறம் ஆரம்பித்தது என் ஆட்டம். எங்கள் கம்பெனியில் ஒரு மின்விசிறி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்குவார்கள். நானும் அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? லேப்டாப் என்றால் சூடானதும் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் சீறும், அது மைக்கில் ஏறும். டெஸ்க்டாப் என்றால் மேசைக்கு அடியில் இரையும். ராம் எட்டு போதுமா, பதினாறு வேண்டுமா? தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் கூடவே கூடாது, அது கிர் என்று சத்தம் போடும். பாடுவதற்கும் அது காதில் வந்து விழுவதற்கும் நடுவே எவ்வளவு தாமதம் வரும்? மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற சின்னப் பெட்டியில் எத்தனை துளை இருக்க வேண்டும்? ஷிப்டு முடிந்து வந்ததும் வீடியோ பார்ப்பேன். ஒருத்தன் நல்லது என்பதை இன்னொருத்தன் குப்பை என்பான். நான் இரண்டு பேரையும் நம்பி, மூன்றாவது ஆளைத் தேடுவேன். பாட வேண்டியவள் ஒருத்திதான், ஒரு மைக்தான் என்பது மட்டும் அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சனிக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர்க் கடைகள் வரிசையாக இருக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போவேன். வழியில் அத்திப்பள்ளி நெரிசலிலேயே பாதி நாள் போய்விடும். அங்கே கடைக்காரனைக் கம்ப்யூட்டரை ஓடவிடச் சொல்லிவிட்டு, தரையில் மண்டியிட்டு அந்தப் பெட்டியின் மேல் காதை வைப்பேன். கடையில் இருக்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இவர் பைத்தியம் இல்லை, மெஷின் சத்தம் கேட்டுக் குறை கண்டுபிடிப்பதுதான் இவர் உத்தியோகம் என்று அவள் கன்னடத்தில் சமாதானம் சொல்லுவாள். அவர்களும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஒரு கடையில், எதற்கம்மா இவ்வளவு அமைதியான கம்ப்யூட்டர் என்று கேட்டார்கள். பாட்டுக்கு என்றாள். எங்கே ஒன்று பாடுங்கள் என்றதும், பஸ் பாட்டிலிருந்து கன்னட வரியை எடுத்துப் பாடிவிட்டாள். அந்தக் கடையில் திருப்புளி பிடித்திருந்த கைகள் எல்லாம் நின்றுபோயின என்று அவள் பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. நான் கீழே காதை வைத்துக்கொண்டு ஃபேனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் வாங்கவில்லை. அடுத்த மாதம் புது சிப் வருகிறது, பொறுத்து வாங்கினால் நல்லது என்று எவனோ சொல்லியிருந்தான். அது வந்ததும் அதற்கடுத்தது வருகிறது என்றார்கள். மகள் வாராவாரம் போனில், “எடுத்தாச்சாப்பா?” என்பாள். அடுத்த வாரம் என்பேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன்.

கடைசியில் ஃபேனே இல்லாமல், உலோகத் தகடுகளாலேயே சூட்டை இறக்கிவிடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரைச் சொல்லிச் செய்து வாங்கினேன். மகளின் அறைச் சுவரில் பழைய மெத்தையும் கம்பளிகளும் அடித்தேன். ஜன்னல் இடுக்கில் துணி திணித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியைக் குளிக்கச் சொல்லி, நல்ல புடவை கட்டச் சொல்லி, மைக் முன்னால் உட்கார வைத்தேன். பதிவு செய்வதற்கு எதற்குப் புடவை என்று சிரித்தாள். வேன் பாட்டை ஆரம்பித்தாள். இரண்டு வரி போயிருக்கும். மேலே ஏறும் இடத்தில் என் காதில் மெல்லிசாக ஒரு கரகரப்பு விழுந்தது.

“நிறுத்து, நிறுத்து. மைக்ல ஏதோ இருக்கு.”

எங்கள் பிரிவில் அளவு தப்பாக வந்தால் முதலில் அளக்கிற கருவியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கருவியைச் சோதித்து வாங்கிய பிறகுதான் பீஸைத் தொட வேண்டும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. தேதி போட்டு நோட்டில் எழுதினேன்: மேல் குரலில் கரகரப்பு, மைக் கோளாறு. அந்த இரண்டு வரிப் பதிவைக் கடைக்காரனுக்குச் சாட்சியாகக் காட்ட வேண்டும் என்று பத்திரமாகச் சேமித்து, ‘குறை ஒன்று’ என்று பெயரும் வைத்தேன்.

மைக்கைத் திருப்பி அனுப்பினேன். வேறு வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அதிலும் அதே கரகரப்பு, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ‘குறை இரண்டு’. வயரை மாற்றினேன். இணைக்கிற பெட்டியை மாற்றினேன். ‘குறை மூன்று’. கடைக்காரன் போனில், மைக் நன்றாகத்தான் இருக்கிறது சார் என்று கெஞ்சினான். அவனிடம் வாய்க்கு வந்தபடி சண்டை போட்டேன். ஒருநாள் சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

“கொஞ்ச நாளா எனக்கே தொண்டை ஒரு மாதிரி இருக்குங்க. மைக்கா இருக்காது.”

குளிர் அறைக்குள் போய்ப் போய் வருகிறாய், வெந்நீர் குடி என்றேன். சொல்லிவிட்டு வயர் விலை பார்க்கக் கைப்பேசியை எடுத்தேன்.

கழுத்தில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஷெட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டும் பெண். இவள் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது ஏதோ ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே அரை நாள் விடுப்புப் போட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சோதித்தார்கள், பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பெரிய டாக்டர், குரல் எப்போதிலிருந்து மாறியது என்று கேட்டார். கொஞ்ச நாளாக என்றாள் அவள். நான் சும்மா இருந்திருக்கலாம். வேலைப் பழக்கம் விடவில்லை. தேதியைச் சொன்னேன். முதல் கரகரப்பு இன்ன தேதி, இரண்டாவது இன்ன தேதி, மூன்றாவது இன்ன தேதி. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தேதி போட்டுக் குறிச்சு வெச்சிருக்கீங்க. அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?”

மைக் என்று நினைத்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் என் முழங்கையைத் தொட்டாள். அவர் கேட்டதைவிட அந்தத் தொடுகைதான் எனக்குத் தாங்கவில்லை.

தைராய்டில் வளர்ந்த கட்டி குரல் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. ஆபரேஷனில் நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க முடியவில்லை. உயிருக்குப் பயமில்லை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், பேசலாம், பாடுவது மட்டும் கஷ்டம் என்றார்கள். முன்பே வந்திருந்தால் நரம்பு தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். ஆள் பிழைத்தாளே என்று சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன், சாமி சத்தியமாகப் படுகிறேன். ஆனால் அவள் வாயைத் திறந்து பேசும்போதெல்லாம் பாதி குரலும் பாதி காற்றுமாக வருகிறது. என்னைத்தான் திட்டுகிறது போல எனக்குக் கேட்கிறது.

அழித்த இருபத்து மூன்றையும் மீட்க முடியுமா என்று அவள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓசூரிலும் பெங்களூரிலும் கடை கடையாக அலைந்தேன். அதே எஸ்.பி. ரோட்டில் அதே கடைக்கும் போனேன். இவ்வளவு நாள் கழித்து ஒன்றும் வராது சார், அதன் மேலேயே வேறு என்னென்னவோ ஏறியிருக்கும் என்றார்கள். அந்தம்மா வரவில்லையா, அன்றைக்குப் பாடினார்களே என்று ஒருவன் விசாரித்தான். வரவில்லை என்றேன்.

மகள் லீவுக்கு வந்தபோது அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அம்மாவின் குரல் என்று அதில் இருந்தது மூன்றே பதிவுகள்தான். குறை ஒன்று, குறை இரண்டு, குறை மூன்று. நல்லது என்று வைக்க எனக்குத் தோன்றவில்லை, கெட்டதற்குச் சாட்சியாகத்தான் வைத்திருந்தேன். மூன்றிலும் வேன் பாட்டின் அதே முதல் இரண்டு வரிகள். மூன்றிலும் மூன்றாவது வரிக்கு அவள் மூச்சு இழுக்கும் இடத்தில், நிறுத்து நிறுத்து என்கிற என் குரல். அதில் என் குரல்தான் துல்லியமாக இருந்தது. மகள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அம்மா முதலில் எடுத்த இருபத்து மூன்று எங்கே என்று கேட்டாள். சொன்னேன். எந்தெந்தச் சத்தத்துக்காக அழித்தேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன், குக்கர், லாரி, ஃபேன், மிக்ஸி என்று.

“மிக்ஸி நான்தான்ப்பா போட்டேன். நான் ஹாஸ்டல் போறதுக்கு முன்னாடி எடுத்த பாட்டும் அதுல இருந்துச்சு. நான்தான் சட்னி அரைச்சிட்டிருந்தேன்.”

அவள் அழுதாள். நானும் அழுதேன். என் மனைவி மட்டும் அழாமல் எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டாள்.

மகள் போன பிறகு ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மனைவியிடம் கேட்டேன். இப்போது இருக்கிற குரலிலேயே பாடு, எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்.

“எதுக்கு? மறுபடி சிவப்பு அடிக்கவா?”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு ஷெட்டில் அரை நாள் வேலைதான். நான் காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வரும்போது அவள் வீட்டில் இருப்பாள். போன மாதம் ஒருநாள் மாடிப்படி ஏறி வரும்போது சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பாடுவது கேட்டது. காற்று கலந்த அந்தக் குரலில், மேலே ஏறும் இடத்தில் ஏறாமல் பக்கத்தில் ஒதுங்கி, வேறு ஒரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். வேன் பாட்டுத்தான். கம்ப்யூட்டரில் இல்லாத மூன்றாவது வரி, நான்காவது வரி, எல்லாம் வந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பாட்டு நின்றது. வாங்க என்றாள். மறுநாள் சத்தம் போடாமல் கதவைத் திறந்தேன். அப்போதும் நின்றது. வெறுப்பு இல்லை, சண்டை இல்லை, ஆனால் நான் வந்தால் நிறுத்திவிடுகிறாள்.

அதனால் இப்போதெல்லாம் நான் உள்ளே போவதில்லை. கம்பெனி ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். உள்ளே ஃபேன் ஓடுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, பைபாஸில் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறான். எல்லாவற்றுக்கும் நடுவே அவள் பாடுகிறாள். கைப்பேசி என் பையில்தான் இருக்கிறது. எடுப்பதில்லை. அவளைக் கேட்காமல் அழித்தேன், அவளைக் கேட்காமல் எடுக்கவும் கூடாது. மேல்வீட்டுக்காரர் இறங்கி வரும்போது, என்ன சார் சாவி இல்லையா என்கிறார். இல்லை என்று தலையாட்டுகிறேன். சாவி சட்டைப் பையில் இருக்கும்.

பாட்டு முடிந்து, பாத்திரம் கழுவும் சத்தம் வரும்வரை பொறுத்திருந்து கதவைத் தட்டுகிறேன். இன்றைக்கும் பஸ் லேட்டா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன்.